பதினான்கு பிள்ளைகளும் ஒரு விசிலும்

என் மைத்துனன் லிஃப்ட் மெக்கானிக். என் மனைவிக்கு உடன்பிறந்தவன் அவன் ஒருவன்தான். அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன் என்பதால் அவனைத் தம்பி என்று நினைப்பதைவிடப் பாதி பிள்ளையாகவே நினைப்பாள். அவனுக்குக் காதோரம் நரைத்த பிறகும், மழையில் நனைந்து வந்தால் தலையைத் துவட்டிவிடத் துண்டோடு போய் நிற்பாள். அவனும் குனிந்து காட்டுவான்.

மருத்துவமனை, அலுவலகம், அடுக்குமாடி வீடு என்று ஊரில் பாதி லிஃப்டுகள் அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் பராமரிப்பில் இருந்தன. எங்காவது ஒன்று நடுவழியில் நின்றுவிட்டால் அவனுக்குத்தான் போன் வரும். மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்கு ஏறி, சக்கரத்தைக் கையால் சுற்றி, கூண்டை ஒரு தளத்துக்கு நேராகக் கொண்டுவந்து, கதவைத் திறந்துவிடுவான். வேலையில் கடினமான பகுதி அது இல்லை என்று அவனே சொல்வான். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுவதுதான் கடினம். சிலர் அழுவார்கள், சிலர் கம்பெனியைத் திட்டுவார்கள், ஒருவர் தன் சொத்தை யாருக்கு எழுதுவதென்று கதவு இடுக்கு வழியாகச் சொல்லத் தொடங்கிவிட்டாராம். இவன் வெளியே நின்று ஒரே குரலில், "விழாதுங்க. விழணும்னு நினைச்சாக்கூட விழாது" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். அந்தக் குரலை நான் ஒருமுறை நேரில் கேட்டிருக்கிறேன். மாட்டிக்கொள்ளாத எனக்கே ஆறுதலாக இருந்தது.

இப்படி ஊரையே ஆறுதல்படுத்துகிறவனுக்குச் சாப்பாட்டில் மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. நாலு பேர் பார்க்க அவனால் சாப்பிட முடியாது. எந்த நேரத்தில் எந்த லிஃப்ட் நிற்கும் என்று தெரியாத வேலை. அதனால் மோட்டார் அறையின் ஜன்னல் திட்டில் டப்பாவை வைத்து நின்றபடியே சாப்பிட்டுப் பழகிவிட்டான். வீட்டிலும் அதே கதைதான். அடுப்பு மேலிருக்கும் சட்டியிலேயே ரொட்டியைத் தோய்த்துத் தின்றுவிட்டு, அந்தச் சட்டியையே கழுவி வைப்பான். எங்கள் வீட்டுக்கு வந்தால் தட்டை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பான். கல்யாண விருந்துகளில் பந்தி தொடங்கும் நேரத்தில் ஆளைக் காணோம் என்று தேடினால், மண்டபத்து லிஃப்டைச் சும்மா ஒரு பார்வை பார்த்துக்கொண்டிருப்பான்.

ஏன்டா இப்படி என்று என் மனைவி ஒருநாள் பிடித்துக்கொண்டாள். அவன் கொஞ்சம் யோசித்துச் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"யாராவது பார்த்தா, சாப்பாடு ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுதுக்கா."

இதனாலேயே அவனுக்குப் பெண் பார்க்கும் முயற்சிகளெல்லாம் பலகாரத் தட்டோடு முடிந்துபோயின. பெண் வீட்டார் எதிரே உட்கார்ந்து எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க என்பார்கள். இவன் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, விடைபெறும் வரைக்கும் அதைக் கையிலேயே வைத்திருப்பான். மாப்பிள்ளைக்கு எங்களைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவர்களாகவே ஒரு முடிவுக்கு வருவார்கள். நாளடைவில் என் மனைவியும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

அவன் வீட்டில் தொலைக்காட்சி கிடையாது. ஒரு மாலை, எங்கள் வீட்டில் வாங்கிப்போன சாப்பாட்டு டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தான். அப்போது நானும் என் மனைவியும் வாரந்தோறும் பார்க்கும் ஒரு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. ஓர் அப்பா, ஓர் அம்மா, பதினான்கு பிள்ளைகள். அவர்கள் எழுவது, குளிப்பது, தின்பது, சண்டை போடுவது எல்லாவற்றையும் கேமராக்காரர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்து படம் பிடித்துக் காட்டுவார்கள். நடிப்பு இல்லை, நிஜக் குடும்பம் என்று தொடக்கத்திலேயே எழுத்தில் போடுவார்கள். பிள்ளைகளில் பாதி வாடகைக்கு வந்தவை என்பது என் மனைவியின் கட்சி. நான் வாராவாரம் முகங்களைச் சரிபார்த்தேன்; அதே பதினான்கு பேர்தான்.

அந்தக் குடும்பம் சாப்பிடும் விதம்தான் நிகழ்ச்சியின் பெரிய வேடிக்கை. குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியில் உருளைக்கிழங்கைக் கொட்டி, தோல் சீவ ஆறு பேர் சுற்றி உட்காருவார்கள். மேசை நீளத்துக்கு ரொட்டித் துண்டுகளைப் பரப்பி, அம்மா வெண்ணெய் தடவிக்கொண்டே ஒரு முனையிலிருந்து நடக்க, பெரிய பெண் ஜாம் தடவிக்கொண்டே பின்னால் வருவாள். தம்ளர் மாறிவிடக் கூடாது என்று ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டியிருக்கும். இன்றைக்கு என்ன சாப்பாடு, யார் பாத்திரம் கழுவுவது என்பதெல்லாம் சுவரில் பெரிய அட்டையில் எழுதித் தொங்கும். அப்பாவின் கழுத்தில் ஒரு விசில். அவர் ஊதினால்தான் கை தட்டுக்குப் போகும். பாத்திரம் எப்போதும் இடப்பக்கமாகத்தான் நகரும். ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். சாப்பிடும்போது ஒவ்வொருவரும் அன்று நடந்த நல்லது ஒன்றைச் சொல்ல வேண்டும். இதற்கு நடுவே ஏழாவது பையன் மட்டும் தன் பங்குப் பட்டாணியை ஒவ்வொன்றாகக் காலுறைக்குள் இறக்கிக்கொண்டிருப்பான். அவனுக்காகத்தான் நான் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தேன்.

என் மைத்துனன் கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்று கடைசி வரை பார்த்தான். அடுத்த வாரம் டப்பா எதுவும் இல்லாமலே வந்தான். அதற்கடுத்த வாரம் எங்களுக்கு முன்பாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

நாங்கள் சிரிக்கிற இடங்களில் அவன் சிரிக்கவில்லை. சந்தேகங்கள் கேட்டான். பாத்திரம் இடப்பக்கமாகச் சுற்றி வந்தால் கடைசியில் இருப்பவனுக்கு ஆறிப்போகாதா என்று கேட்டான். புதிதாக ஒருவர் வந்தால் எந்த நாற்காலி கொடுப்பார்கள் என்று கேட்டான். ஒரு வாரம் அந்தக் குடும்பத்து மாமா ஒருவர் விருந்துக்கு வந்தபோது, இவன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். அந்த மாமா எதை முதலில் எடுக்கிறார், எவ்வளவு எடுக்கிறார் என்று பரீட்சைக்குப் படிப்பவன் மாதிரி பார்த்தான். இவனுக்கு என்னமோ ஆகியிருக்கிறது என்று என் மனைவி சமையலறையில் என்னிடம் முணுமுணுத்தாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

என்ன ஆகியிருந்தது என்பது ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது.

அவன் போய்வரும் மருத்துவமனை ஒன்றில், துணி துவைக்கும் பிரிவுக்குப் பொறுப்பாக ஓர் அம்மாள் இருந்தார். கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இவன் டப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்த அந்த மாலைக்குச் சில நாள் முன்பு, வெளுத்த விரிப்புகள் அடுக்கிய தள்ளுவண்டியோடு அவர் மேலே போகும்போது லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. இவன் ஓடிப்போய்க் கதவைத் தட்டி, வழக்கமான குரலில், பயப்படாதீர்கள், இதோ திறந்துவிடுகிறேன் என்றிருக்கிறான். உள்ளேயிருந்து அமைதியாக ஒரு பதில் வந்தது.

"அவசரமே இல்லை. மெதுவா திறங்க."

பயத்தில் உளறுகிறார் என்று நினைத்து, விழாது, விழ நினைத்தாலும் விழாது என்று இவன் ஆரம்பித்தான். அந்த அம்மாள் குறுக்கிட்டார்.

"ஐயா, எனக்கு வீட்ல ஆறு பிள்ளைங்க, ஒரு மாமனார். இப்படித் தனியா உட்கார்ந்து எத்தனையோ வருஷமாச்சு. துணி மூட்டை மேல சாய்ஞ்சிருக்கேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் திறந்தா புண்ணியமாப் போகும்."

இவன் கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்து காத்திருந்தான். கேட்டவர்களிடமெல்லாம் கொஞ்சம் சிக்கலான பழுது என்று சொன்னான். அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு அந்த லிஃப்டுக்கு அடிக்கடி பரிசோதனை தேவைப்பட்டது. பெரிதாகப் பழுது ஒன்றும் இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

அந்த அம்மாளிடம் என்ன பேசுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. லிஃப்டைப் பற்றி எவ்வளவுதான் பேச முடியும்? அவர் விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கும்போது, தான் பார்க்கும் நிகழ்ச்சியின் கதையைச் சொல்வான். இந்த வாரம் அந்தக் குடும்பம் எப்படி உட்கார்ந்தது, விசில் எப்போது ஊதினார்கள், அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று ஒன்றுவிடாமல் ஒப்பிப்பான். அவரும் விரிப்பின் மறுமுனையை இவன் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். இப்படியே மடித்து மடித்து, ஒருநாள் கல்யாணப் பேச்சு வந்துவிட்டது. முதலில் பேசியது யார் என்று இருவரையும் தனித்தனியே கேட்டேன். ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள். ஆகவே அதை எழுதாமல் விடுகிறேன்.

அந்த அம்மாள் தெளிவாக ஒரு நிபந்தனை வைத்தார். தனக்குச் சம்மதம்தான். ஆனால் விடுமுறை நாளொன்றில் வந்து பிள்ளைகளோடு சாப்பிட வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தான் வற்புறுத்தப் போவதில்லை. அதிலும் மூத்த பெண் சொல்வதுதான் முடிவு. அந்தப் பெண் பகலில் செருப்புக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு மாலையில் படிக்கிறாள். அப்பா போன பிறகு வீட்டின் பாதிப் பாரம் அவள் தலையில். முன்பு ஒரு காப்பீட்டு முகவர் இதே மாதிரி பெண் கேட்டுச் சாப்பிட வந்து, கேட்காமலே சின்னவள் தட்டிலிருந்து முட்டையை எடுத்துத் தின்றுவிட்டாராம். அவர் கை கழுவித் திரும்புவதற்குள் மூத்தவள் அவர் செருப்பை வாசல் பக்கம் திருப்பி வைத்துவிட்டாளாம்.

இதை எங்களிடம் சொன்னபோது அவன் முகம், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவன் முகம் மாதிரி இருந்தது. என் மனைவிக்கு முதலில் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு விஷயம் உறைத்தது. எட்டுப் பேர் நடுவில் உட்கார்ந்து நீ எப்படிச் சாப்பிடுவாய் என்று கேட்டாள்.

"அதுக்குத்தானக்கா வாராவாரம் வந்து பார்க்கிறேன்" என்றான்.

பெரிய குடும்பம் என்றால் அந்தப் பதினான்கு பிள்ளைக் குடும்பம் மாதிரிதான் இருக்கும் என்று அவன் நம்பியிருந்தான். வேறு பெரிய குடும்பம் எதையும் அவன் உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

அன்றே பயிற்சி தொடங்கியது. என் மனைவி அவனை மேசையில் நடுவில் உட்காரவைத்து ஒரு பக்கம் தான் உட்கார்ந்தாள், மறுபக்கம் என்னை உட்காரச் சொன்னாள். பார்வையை எடுக்காமல் அவனையே பார்க்க வேண்டும் என்பது எனக்கு உத்தரவு. நான் பார்த்தேன். மூன்றாவது வாயில் புரை ஏறிவிட்டது. இரண்டு பேர் போதாது என்று, மறுவாரம் சுவரில் இருந்த குடும்பப் படங்களையெல்லாம் கழற்றி மேசையைச் சுற்றி நிறுத்தினாள். எங்கள் கல்யாணப் படம், என் தங்கை குடும்பம், காலமான என் அப்பா. அவன் பாதி சாப்பிட்டுவிட்டு, அத்தானுடைய அப்பாவை மட்டும் கொஞ்சம் திருப்பி வைக்க முடியுமா, முறைக்கிற மாதிரி இருக்கிறது என்றான். திருப்பி வைத்தோம். மீதியையும் சாப்பிட்டுவிட்டான். அதை நாங்கள் வெற்றி என்றே எடுத்துக்கொண்டோம்.

குறித்த நாளன்று மூவரும் போனோம். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. படியேறும்போது அவன் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதில் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கதவு திறந்ததும் எனக்கு ஒரு நிமிடம், தவறிப்போய்த் தொலைக்காட்சிக்குள் நுழைந்துவிட்டோமோ என்று இருந்தது. ஆறு பிள்ளைகளும் உயர வரிசையில் நின்றார்கள். எல்லார் தலையும் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தது. கூடத்தில் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை நீண்ட மேசை, மேலே வெள்ளை விரிப்பு. தம்ளர்களில் நிறம் நிறமாக நூல். சுவரில் அட்டை, இன்றைய சாப்பாடு, பாத்திரம் கழுவுவோர் முறை. பெரியவர், அதாவது அந்த அம்மாளின் மாமனார், கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டையில் மேசையின் தலைப்பக்கத்து நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டிருந்தார். கொஞ்சம் காது மந்தம்.

அச்சு அசலாக டிவியில் வருகிற மாதிரியே இருக்கிறதே என்று என் மனைவி என் காதில் சொன்னாள். என் மைத்துனன் முகத்தில் பயமும் நிம்மதியும் கலந்து ஓடின. படித்த பாடத்திலிருந்தே கேள்வி வந்துவிட்டது.

எல்லாரும் உட்கார்ந்தோம். எனக்கு முன்னால் இருந்த தம்ளர் சாய்ந்தபடியே இருந்தது. விரிப்பின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். மேசை என்று நான் நினைத்தது இரண்டு அறைக் கதவுகள். கழற்றி, முக்காலிகள் மேலும் ஒரு டிரங்குப் பெட்டி மேலும் கிடத்தியிருந்தார்கள். என் தம்ளர் கதவுக் கைப்பிடி மேல் நின்றது. நான் தம்ளரை நகர்த்திக்கொண்டேன்.

கோழி, உருளைக்கிழங்கு, முட்டை, ரொட்டி எல்லாம் நடுவில் ஆவி பறக்க இருந்தன. யாரும் தொடவில்லை. அந்த அம்மாள் புன்னகையோடு என் மைத்துனனைப் பார்த்தார். பிள்ளைகளும் அவனைப் பார்த்தார்கள். மூத்த பெண் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தாள். பையன்களில் இரண்டு பேர் இரட்டையர்கள்; அவர்களில் ஒருவனுக்கு வயிறு கத்தியது நன்றாகக் கேட்டது.

அப்போதுதான் என் மைத்துனன் சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு விசிலை எடுத்தான்.

என் மனைவியின் நகம் என் முழங்கையில் இறங்கியது. அவன் உதட்டில் வைத்து ஊதினான். மூச்சு வராததால் குருவி கத்துகிற அளவுக்குத்தான் சத்தம் வந்தது. ஆனாலும் ஆறு பிள்ளைகளும் ஒரே சமயத்தில் கரண்டியை எடுத்தார்கள்.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"யாரு போயிட்டாங்க?" என்று கேட்டார். "நம்ம பையன் போன அன்னைக்குத்தான இப்படி எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்தோம்."

யாரும் போகவில்லை, விருந்தாளி வந்திருக்கிறார் என்று மருமகள் அவர் காதருகே சொன்னார். அவர் நம்பவில்லை. யாரென்று சொல்ல எல்லாரும் தயங்குகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டு, மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

உருளைக்கிழங்குப் பாத்திரம் இடப்பக்கமாகக் கிளம்பியது. ஆளுக்கு ஒரு துண்டு எடுத்து அடுத்தவருக்குத் தள்ளினார்கள். இரண்டு துண்டு எடுக்க யாருக்கும் தைரியம் இல்லை. அது முழுச்சுற்று சுற்றி, கிட்டத்தட்ட நிறைந்தபடியே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியது. பிறகு அன்று நடந்த நல்லதைச் சொல்லும் முறை வந்தது. இரட்டையரில் ஒருவன் எழுந்து, இன்றைக்கு நாங்கள் குளித்தோம் என்றான். அடுத்தவன் எழுந்து, நானும் என்றான். கண்ணாடி போட்ட நடுப்பெண் தனக்கு எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்து, ஆனால் அது நல்லதுதான் என்று சேர்த்துக்கொண்டாள். அவளுக்கு அடுத்த பையன் அம்மாவைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், ஒன்றும் தோன்றாமல் உட்கார்ந்துவிட்டான்.

அடுத்து என் மைத்துனன். அவன் வாயில் ஒரு துண்டு உருளைக்கிழங்கு இருந்தது. அது அங்கே போய் வெகுநேரம் ஆகிவிட்டது என்பது எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மேசையே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூத்தவளின் பார்வை ஒருதரம் வாசல் பக்கம் போய்த் திரும்பியதை நான் கவனித்தேன். அவன் செருப்பு அங்கேதான் கிடந்தது. இத்தனை வருடம் கழித்து வந்த ஒரு நல்ல காலம் ஓர் உருளைக்கிழங்குத் துண்டில் போகப்போகிறதே என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் கடைக்குட்டிப் பெண் நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கினாள். தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு வயதிருக்கும்.

"எனக்கு இங்க சாப்பாடு இறங்க மாட்டேங்குது" என்றாள்.

அம்மா அதட்டுவதற்குள் என் மைத்துனனின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. உருளைக்கிழங்கு போய்விட்டது.

"எனக்கும்" என்றான்.

மூத்த பெண்தான் முதலில் பேசினாள். குரலில் கோபம் இருந்தது; நியாயமான கோபம்தான்.

"அப்புறம் எதுக்கு இதெல்லாம் வேணும்னு சொன்னீங்க? மூணு வாரமா பக்கத்து வீட்ல போய் டிவி பார்த்து இவங்களுக்குக் கத்துக்குடுத்திருக்கேன். ரூம் கதவைக் கழட்டியிருக்கோம்."

"நான் எப்பம்மா வேணும்னு சொன்னேன்?"

இதற்கு அந்த அம்மாள்தான் பதில் சொன்னார். "வாராவாரம் வந்து, வரிசையா உட்கார்றாங்க, விசில் ஊதுறாங்க, இடப்பக்கமா கொடுக்கிறாங்கன்னு அதையேதான சொன்னீங்க? அப்படி ஒரு வீடுதான் உங்களுக்குப் பிடிக்கும்போலன்னு நினைச்சேன்."

"உங்க வீடு அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேங்க. எனக்கு அதெல்லாம் வராது. வந்து கெடுத்துடக் கூடாதேன்னு பழகிட்டிருந்தேன்."

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறாரோ என்று என் மனைவி எழப்போனாள். அழுகை இல்லை. சிரிப்பை அடக்க முடியாமல் விரிப்பின் ஓரத்தை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். இழுத்த இழுப்பில் என் தம்ளர் மறுபடியும் கைப்பிடி மேல் ஏறிக்கொண்டது.

மூத்தவள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"அப்போ உங்க வீட்ல நீங்க எப்படித்தான் சாப்பிடுவீங்க?"

அவன் தன் அக்காவைப் பார்த்தான். என் மனைவி கௌரவமாக ஏதாவது சொல் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் புரிந்துகொண்டான். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை.

"நின்னுக்கிட்டு. அடுப்புல இருக்கிற சட்டியிலேருந்தே. யாரும் பார்க்காம."

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

இரட்டையர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அக்காவைப் பார்த்தார்கள். அவள் மெல்லத் தலையசைத்தாள், அவ்வளவுதான். நாற்காலிகள் எல்லாம் ஒரே சமயத்தில் பின்னால் தள்ளப்பட்டன. இடமாவது, வலமாவது, கைக்கு எட்டியதை எட்டியவர் அள்ளினார்கள். இரட்டையர்கள் நிறைந்த தட்டோடு வெளியே படிக்கட்டுக்கு ஓடினார்கள். கண்ணாடிப் பெண் துணி அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்தில் போய்ச் செருகிக்கொண்டாள். அவளுக்கு அடுத்த பையன் ஜன்னல் கம்பியில் ஒரு காலை மாட்டிக்கொண்டு சாப்பிட்டான். கடைக்குட்டி டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில், மேசைக்கு அடியில் உட்கார்ந்தாள். பெரியவர் கழுத்துப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டு தன் கட்டிலுக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து நிம்மதியாக மெல்லத் தொடங்கினார். அந்த அம்மாள் சமையலறை வாசற்படியில் சாய்ந்து, தட்டை இடது கையில் ஏந்திக்கொண்டார். அதுதான் அவர் இடம் என்று பார்த்தாலே தெரிந்தது. சுவரில் அவர் தோள் படும் இடம் பளபளவென்று இருந்தது. வேலை நேரம் ஆளுக்கொன்று, பள்ளி நேரம் ஆளுக்கொன்று என்று இருக்கும் வீட்டில் பசிக்கும்போது எடுத்துக்கொண்டு அவரவர் மூலைக்குப் போய்விடுவது வழக்கமாம். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் மைத்துனன் தட்டோடு கூடத்தின் நடுவில் நின்றான். படிக்கட்டு, ஜன்னல், அலமாரிச் சந்து என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். அந்தச் சின்ன வீட்டில் காலியாக ஒரு மூலைகூட இல்லை. மேசைக்குத் திரும்பி வரவும் அவனால் முடியாது. அப்படியே நின்றுகொண்டிருந்தான். எனக்கென்னவோ அவன் கிளம்பிவிடுவான் என்று பட்டது.

சமையலறைக்குள், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் திட்டு. மூத்தவள் அதில் ஒரு பாடப் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் தட்டை வைத்து, நின்றபடி சாப்பிட ஆரம்பித்திருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"இங்க வரலாம். ஆனா நான் படிப்பேன். பேசக் கூடாது."

"பேச மாட்டேம்மா."

அவள் புத்தகத்தை ஒரு சாண் நகர்த்தினாள். அவன் போய்த் தட்டை அங்கே வைத்தான். இருவரும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து நின்று சாப்பிட்டார்கள். இரண்டாவது முறை உருளைக்கிழங்கு வேண்டியிருந்தபோது, அவன் நேராக அடுப்பு மேலிருந்த சட்டிக்குப் போனான். அவள் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே தன் தட்டையும் நீட்டினாள். அவன் அதிலும் போட்டான்.

நீண்ட மேசையில் நானும் என் மனைவியும்தான் மிஞ்சினோம். எனக்கு ஒரு கோடி, அவளுக்கு ஒரு கோடி. நடுவில் காலி நாற்காலிகள். உப்பு வேண்டுமென்றால் எழுந்துபோய்த்தான் வாங்க வேண்டும். எங்களுக்கு உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் பழக்கம். அதனால் அந்த விருந்தை முறைப்படி சாப்பிட்டு முடித்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே.

மூத்தவள் தன் தட்டைக் கழுவினாள். பிறகு அவன் கையிலிருந்ததை வாங்கி அதையும் கழுவி, அம்மாவிடம் நீட்டினாள்.

"சரிம்மா" என்றாள். அந்த அம்மாள் தட்டை வாங்கிக்கொண்டு, வெகுநேரம் துடைத்தார்.

நாங்கள் கிளம்பும்போது அவன் எங்களோடு வரவில்லை. விரிப்பை உருவிவிட்டுக் கதவுகளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். கடைக்குட்டி உள்ளங்கையில் திருகாணிகளை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பெரியவர் வெளிச்சத்தில் தூங்க மாட்டாராம், அதனால் இருட்டுவதற்குள் அவர் அறைக் கதவை மாட்டிவிட வேண்டுமாம். கீல் கொஞ்சம் வளைந்திருக்கிறது, நேரமாகும், நீங்கள் போங்கள் அத்தான் என்றான்.

கீல் அப்படியொன்றும் வளைந்திருக்கவில்லை. நான் பார்த்தேன்.